இன்ஜின் நிற்பது எந்த வாரத்துப் பாடம்?

காலை ஒன்பதுக்கு வருகைப் பதிவேட்டில் ஆரோக்கியத்துக்கு ஆப்சென்ட் போட்டேன். பத்தே நிமிடத்தில் அவர் மனைவி செல்வி வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"சார், மத்த போட்டெல்லாம் விடியவே வந்துருச்சு. அவுக போனது மட்டும் வரல."

எண்பதுகளின் நடுப்பகுதி. ராமேசுவரத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் பயிற்சி தொடங்கிய முதல் மாதம். ஆறு மாதப் படிப்பு. படிக்க வந்த எல்லாரும் படகில் வேலை பார்ப்பவர்கள். பயிற்றுநர் நான் ஒருவன், சிலபஸும் நானே எழுதியது. நயினார்கோவில் பக்கம் பம்ப்செட் இன்ஜினோடு வளர்ந்தவன் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

"அவரு டிரைவர் இல்லையேம்மா?" என்றேன்.

"டிரைவருக்குக் காச்சல் சார். 'நீதான் இன்ஜினுக்குப் படிக்கிறியே, நீயே ஓட்டு'ன்னு ஓனர் ஏத்தி விட்டுட்டாரு. நின்னு போனா எடுக்கத் தெரியும்ல சார்?"

நான்காவது வாரம் நடந்துகொண்டிருந்தது. டீசல் இன்ஜின் வரலாறு முடிந்து, நான்கு ஸ்ட்ரோக் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பழுது கண்டறிதல் இருபத்திரண்டாவது வாரத்தில்தான்.

வகுப்பைக் கலைத்துவிட்டு எல்லாரும் படகுத் துறைக்குப் போனோம். மூத்த மாணவர் ஒருவர் கடலைப் பார்த்தபடி, "நீவாடு வேற வடக்க இழுக்குது சார்" என்றார். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் படகு இலங்கை எல்லையைத் தாண்டிவிடும். அந்தப் பக்கத்து நேவி சுடுகிற காலம் அது. செல்வி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பயிற்சி நிலைய முதல்வர் தேடிக்கொண்டு வந்தார். "பாடத்த விட்டுட்டு இங்கன என்னய்யா பண்றீரு? போர்ஷன் முடியலைன்னா நாந்தான பதில் சொல்லணும்?"

இரண்டு மணிக்கு மேல் இன்னொரு படகு ஆரோக்கியம் போன படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. படகில் போன ஐந்து பேரும் முழுசாக இருந்தார்கள். நான் தாவி ஏறி, டீசல் ஃபில்டரின் மேல் ஸ்குரூவைத் தளர்த்தினேன். நுரை நுரையாக வந்தது. லைனில் காற்று ஏறி டீசலைத் தடுத்திருந்தது, வெறும் ஏர் லாக். கைப் பம்பை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிட வேலைகூட இல்லை.

ஆரோக்கியம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்த நாலு ஸ்ட்ரோக்கையும் ராத்திரி பூரா மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன் சார். எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. இன்ஜின்தான் ஓடல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வயலில் இன்ஜின் நின்றால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடலாம். அந்த நினைப்பிலேயே கடலுக்குப் போகிறவர்களுக்குப் பாடம் வரிசைப்படுத்தியிருக்கிறேன். மறுநாள் வகுப்பில், "கடல்ல எது நின்னா ஒங்களுக்குப் பயம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அவர்கள் சொன்ன வரிசையே புதிய சிலபஸ் ஆனது. முதல் நாள் பாடம் ஏர் எடுப்பது.

முதல்வர் புரட்டிப் பார்த்தார். "வரலாறு கடைசி வாரத்துலயா?"

"அது தெரியாம யாரும் கடல்ல தவிக்கல சார்."

முறைத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

சிலபஸ் எழுத உட்காரும் இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பாடத்தின் முதல் பக்கம் எது என்று புத்தகத்தைக் கேட்காதீர்கள். உங்கள் மாணவர் நாளைக் காலை எங்கே போய் மாட்டிக்கொள்வார் என்று அவரிடமே கேளுங்கள். அன்று ஐந்து பேரைக் கரை சேர்த்தது வழியில் தற்செயலாக வந்த ஒரு படகு. நான் எழுதிய இருபத்தாறு வாரப் பாடம் அல்ல.