களத்தில் ஆடியது யார்

மகன் சேலத்துக் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, நாற்பது வயதும் தாண்டிய நிலையில், எனக்கு ஆட வேண்டும் என்று ஆசை வந்தது. ஏன் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. பசிப்பதற்கு என்ன காரணம் சொல்வது? அரூரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் மதியம் கூட்டம் குறைந்ததும் ஏதாவது பாட்டு ஓடவிடுவார்கள். நான் சேலைகளை மடித்துக்கொண்டிருப்பேன். மேசைக்கு அடியில் என் கால் என்னைக் கேட்காமலே தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

கணவரிடம் சொன்னேன். மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சுகருக்கு நல்லதுன்னு சொல்லிக்கலாம். போயிட்டு வா" என்றார். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி மலையடியில் நாலைந்து வீடுகள் மட்டும் இருக்கும் எங்கள் கொட்டாயில், ஒரு குடும்பத்துப் பெண் ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஆடப் போகிறாள் என்றால், அதற்கு ஒரு வியாதியாவது வேண்டியிருந்தது.

முதலில் பரதநாட்டியம். பல் விழுந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். டீச்சர் அரைமண்டியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்; எழ முடியவில்லை. பக்கத்தில் நின்ற குட்டிப்பெண், "ஆன்ட்டி, பாட்டு முடிஞ்சிருச்சு, எந்திரிங்க" என்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் டைல்ஸ் வழுக்குகிறது என்றேன். அப்புறம் செல்போன் கடை மாடியில் வெஸ்டர்ன். அங்கே எலும்பே இல்லாததுபோல் உடம்பை விட வேண்டும். எனக்கு இருந்ததெல்லாம் எலும்பு மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு போனைப் பார்த்து சல்சா. அதற்கு ஜோடி தேவை. கணவர் என் கையைக் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, "இப்ப எந்தப் பக்கம் இழுக்கணும்?" என்றார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்ததோடு அந்தப் பாடம் முடிந்தது.

எதுவும் முழுசாக வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. வகுப்பு முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆட்டம் எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மாந்தோப்புகள் மெதுவாகத் திரும்பும். மலைமேல் மேகம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதிலும் ஒரு தாளம் கேட்கும். யாருக்கும் மருமகளாகவோ அம்மாவாகவோ இல்லாத ஒருத்தி அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுக்கும் ஓரகத்தியின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சிமென்ட் களம். மஞ்சளும் கேழ்வரகும் அதில்தான் காயும். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு தர்மபுரியில் குடியிருந்தாள். கைக்குழந்தையும் இருந்தது. அந்தப் பெண்ணின் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது அக்கா புருஷனின், அதாவது எங்கள் மாமாவின், உத்தரவு. அவர் எதிரில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அக்கா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் மகளிடம் போனில் பேசுவாள். திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புகைடி" என்பாள். அங்கே அடுப்பே கிடையாது.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற நாள் குறித்தாகிவிட்டது. ஒரு சாயங்காலம் கோயிலில் பம்பை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மஞ்சள் காட்டைத் தாண்டிக் களத்துக்கு வந்தது. நான் குளித்துவிட்டு ஈரத்தலையை விரித்துப் போட்டபடி துணி எடுக்க வந்தவள். யாரையும் காணோம். களம் வெயில் குடித்து வெதுவெதுப்பாக இருந்தது. வெறுங்காலில் அந்தச் சூடு ஏறியதும் மெதுவாக ஆட ஆரம்பித்தேன். கொஞ்சம் அரைமண்டி, கொஞ்சம் வெஸ்டர்ன், ஜோடியில்லாத சல்சா எல்லாம் கலந்து என்னென்னவோ ஆனது. கண்ணை மூடினேன். முதல் தடவையாக எலும்பு எனக்கு வழிவிட்டது. எவ்வளவு நேரம் சுற்றினேனோ தெரியாது.

கண்ணைத் திறந்தபோது எதிரில் அக்கா நின்றிருந்தாள். கையில் தட்டு, அதில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, திருநீறு, எரிகிற கற்பூரம். களை எடுக்க வந்த பெண்கள் அவள் பின்னால் கைகூப்பி நின்றார்கள். தலை விரித்து, பம்பைக்கு, அதுவும் ஆடி மாதத்தில் ஒருத்தி ஆடினால் எங்கள் பக்கத்தில் வேறு என்ன நினைப்பார்கள்?

"ஆத்தா, எம் பொண்ணு வூட்டுக்கு வருவாளா தாயி?" என்று உரக்கக் கேட்டாள் அக்கா.

சுற்றுவதை நிறுத்தினேன். அவள் காதருகே குனிந்து, "அக்கா, சாமியெல்லாம் இல்லீங்க. சும்மா ஆடிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அக்கா என் நெற்றியில் திருநீறு வைக்கிற சாக்கில் நெருங்கி வந்தாள். "தெரியும்டி. நிறுத்தாத. உங்க மாமா வாசல்ல நிக்கிறாரு. சொல்லு."

பார்த்தேன். மாமா நின்றிருந்தார். துண்டு தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போயிருந்தது.

வாயைத் திறந்துவிட்டால் இந்த ஆட்டம் இனி என்னுடையது இல்லை என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. அக்கா கற்பூரத் தட்டை என் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். நான் மறுபடி தலையைச் சுழற்றினேன்.

"டேய்!" என்றேன். என் குரலா அது? "வூட்டுப் பொண்ண வெளிய நிக்க வெச்சிட்டு எனக்குக் கூழு ஊத்துறியாடா? அவ கழுத்துல இருக்கறது என் மஞ்சளுடா! அவ வராம உங்கூழு எனக்கு வேணாம்!"

மாமா களத்தில் விழுந்து கும்பிட்டார். நான் மயங்கியதுபோல் கீழே சாய்ந்தேன். பாதி நடிப்பு; மீதி பயத்தில் நிஜமாகவே கால் நிற்கவில்லை.

மறுவாரமே மாமா வாடகைக்கார் பிடித்துப்போய் மகளையும் மருமகனையும் குழந்தையையும் கூட்டிவந்தார். கோயில் வாசலில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து நானும் அழுதேன். அதில் பொய் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நான் ஆடவே முடியாமல் போனது. கடைக்குப் போகிற அவசரத்தில் கொஞ்சம் துள்ளி நடந்தால்கூட மாமா துண்டை இடுப்பில் கட்டிவிடுவார். பக்கத்துக் கொட்டாய்ப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து குறி கேட்டார்கள். தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் மாமாவே முற்றுப்புள்ளி வைத்தார். "சாமி வர்ற உடம்புங்க அது. கண்ட இடத்துல ஆடக் கூடாது" என்று என் கணவரிடம் சொல்லியனுப்பினார். என்னிடம் நேரில் பேசக்கூட அவருக்கு இப்போது பயம். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாமல் பாத்திரங்களின் மேல் காட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரத்து இருக்கை கிடைத்தும் மலை வெறும் மலையாகத்தான் தெரிந்தது.

தைப் பொங்கல் கழிந்து, பேரனைப் பார்க்கப் போகிறோம் என்று அக்கா என்னையும் தர்மபுரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோறு தின்றதும் அக்கா மகள் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. சுற்றிலும் எங்களைத் தெரியாத வீடுகள்.

"சித்தி, அம்மா எல்லாம் சொன்னாங்க. இங்க யாரும் உங்கள கும்பிட மாட்டாங்க. ஆடுங்க" என்று போனில் ஒரு பாட்டைப் போட்டாள்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கை மட்டும் ஆட்டினேன். அப்புறம் கால் நகர்ந்தது. திரும்பும்போது தடுமாறிக் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பேரனை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்த அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, கோழி கிளறுற மாதிரி? நல்லாவே இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொருக்கா போடு கண்ணு" என்றேன் மகளிடம்.