காலனுக்கும் அருள்ராணிக்கும் முப்பது வருடப் பகை

சில பெண்களுக்கு மாமியாரோடு பகை. சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு பகை. ஒஸ்லோவில், புருசெத்தில் நான்காம் மாடியில் குடியிருந்த அருள்ராணிக்கோ, அமெரிக்காவில் எப்போதோ நடித்து ஓய்ந்துபோன ஒரு சினிமா நடிகரோடு பகை.

அவர் பெயர் வெஸ் கார்லன். குதிரையில் வருவார், கித்தாரை மீட்டிப் பாடுவார், கெட்டவர்களைச் சுடுவார், புகை அடங்குவதற்குள் மறுபடியும் பாடுவார். அருள்ராணியைப் போல ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பதே தெரியாமல் அந்த மனிதர் கண்ணை மூடிவிட்டார். ஆனால் அவள் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அவள் நெஞ்சில் தைத்த முள்ளை, கல்யாணத்துக்கு முன்பே, அந்த மனிதரின் பாட்டிலிருந்து ஒடித்தெடுத்துத்தான் அவள் கணவர் அனுப்பியிருந்தார்.

அது 1977. திருகோணமலையில் சாதகம் பொருந்தி, இரண்டு வீடும் சம்மதித்து, நாள் மட்டும் குறிக்காமல் இருந்த நேரம். மாப்பிள்ளை குலேந்திரன் துறைமுகப் பட்டறையில் மின்சார வேலை. ஆள் சாது. ஒரேயொரு பைத்தியம்தான்: அமெரிக்காவில் பழசாகிப்போய், இருபது வருடம் கழித்து, கீறல் மழையோடு ஊருக்கு வந்து சேரும் கார்லன் படங்கள். தியேட்டர் கலரியில் முதல் வரிசையில் இருந்து ஒவ்வொன்றையும் ஏழெட்டுத் தரம் பார்த்திருந்தார். படத்து நோட்டீசை அச்சடித்தவன் நடுவில் 'ர்' போடாமல் விட்டதில் ஊர் முழுக்க கார்லன் 'வெஸ் காலன்' ஆகிப்போனார்.

"மாப்பிள்ளை தலைமாட்டிலை காலன்ர படத்தை மாட்டி வச்சிருக்கிறாராம்!" என்று அருள்ராணியின் தாய் நெஞ்சில் கை வைத்தாள்.

"வெள்ளைக் காலன் அக்கா. எருமையிலை வரமாட்டான், குதிரையிலைதான் வருவான்," என்றார் மாமா.

அந்த வாரம்தான் குலேந்திரனின் தங்கை ஒரு படத்து நோட்டீசை நாலாக மடித்து அருள்ராணியின் கைக்குள் திணித்துவிட்டு ஓடினாள். பின்பக்கத்தில் ஒரேயொரு வரி. ஆங்கிலப் பாட்டு, தமிழ் எழுத்தில். ஏனென்றால் குலேந்திரன் கார்லனின் பாட்டுகளைக் காதால் கேட்டுத் தமிழில் எழுதித்தான் பாடமாக்கியிருந்தார்.

'யுவர் ஹார்ட் இஸ் கோல்ட்.'

அருள்ராணி பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவள். ஹார்ட் என்றால் இதயம். கோல்ட் என்றால் குளிர். உன் இதயம் குளிர். ஈரமில்லாதவள் என்கிறார்! கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு முதன்முதலாக எழுதுகிற கடிதத்தில்!

கோயிலில் அவர் பார்த்தபோது தான் முகம் திருப்பியது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் திருப்பிய முகம் அது. அதற்கா இந்தப் பட்டம்? அன்று பின்னேரம் முழுவதும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தாளில் ஒரு வரி பதில் எழுதினாள்.

'அது என்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.'

குளிரென்றால் குளிர்தான், மாறமாட்டேன், விருப்பமென்றால் கட்டு! குலேந்திரன் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று தங்கை வந்து சொன்னபோது, 'சரியான அழுத்தக்காரன்' என்று அருள்ராணி பல்லைக் கடித்தாள். மூன்றாம் மாதம் கழுத்தை நீட்டினாள்.

ஏன் ஒரு தடவையாவது கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் நொந்தது தெரிந்துவிடுமே! ரோசக்காரிகள் நொந்ததைச் சொல்வதில்லை. பதிலுக்குப் பதில் கொடுப்பார்கள்.

குலேந்திரன் 1986இல் நோர்வேக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து, தை மாதத்தில், நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் அருள்ராணி விமானத்தால் இறங்கினாள். வேலை செய்த மீன் தொழிற்சாலையில் இரவல் வாங்கிய தடித்த மேலங்கியோடு அவர் ஓடி வந்தார்.

"குளிருதோ அருள்?"

"குளிருக்கே குளிருமோ?" என்றாள் அவள், பல் கிடுகிடுக்க.

குலேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. 'என்ர மனிசிக்கு நோர்வேக் குளிரெல்லாம் தூசு' என்று தொழிற்சாலை முழுக்கச் சொன்னார்.

வேலைக்குப் போகிறவருக்கு வேண்டுமென்றே குளிர்ந்த சோறு கட்டிக் கொடுத்தாள். குளிர் மனக்காரியிடம் குளிர்ச் சோறுதானே கிடைக்கும்! ஆனால் அந்த நாட்டில் எல்லாருமே மத்தியானம் குளிர்ந்த பாண்துண்டைத்தான் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தின்றார்கள். "வந்து ஒரு மாதம் ஆகேல்லை, அதுக்குள்ள நீர் நோர்வேக்காரி ஆகிட்டீர்!" என்று மெச்சிக்கொண்டு அவர் பருக்கை விடாமல் சாப்பிட்டார். பழிவாங்குவதற்கு இப்படியொரு மனிதர் வாய்க்கக் கூடாது.

அந்தப் பாட்டை அவர் பாடத் தொடங்கினால் அருள்ராணி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டாம் வருடம் மதுரா பிறந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் அவர் அதையே பாடினார், குழாய் ஓடியது. ஒஸ்லோவுக்கு வந்து, குடியிருப்புக் கட்டடங்களைப் பராமரிக்கும் வக்த்மெஸ்தராகி, விளக்கு மாற்றிக்கொண்டும் பனி தள்ளிக்கொண்டும் பாடினார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. குலேந்திரன் மூக்கால் பாடுகிறவர். குழாய் ஓடாவிட்டாலும் சொல் ஒன்றும் விளங்கியிராது.

இப்படியே முப்பது வருடம். 2007 ஒக்டோபரில் புருசெத் நூலகம் ஒரு காரியம் செய்தது. 'என் மனம் கவர்ந்த நட்சத்திரம்' என்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தப் பகுதியில் இருப்பவர் யாராவது தனக்குப் பிடித்த பழைய நடிகரைப் பற்றிப் பேசலாம். குலேந்திரன் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"அருள், நீர் முன்வரிசையிலை இருக்கவேணும்."

"உங்கட காலனுக்கு நான் மாலை போடவோ? எனக்கு வேலை கிடக்கு."

அவர் முகம் விழுந்துபோனது. மதுராதான் அவர் பேச்சை எழுதிய கொப்பியை வாங்கினாள். தகப்பன் தமிழில் எழுதியதை நோர்வேஜிய மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை; எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வியாழக்கிழமை பின்னேரம் சமையலறை மேசையில் இருந்து அவள் வாசிக்க, அருள்ராணி முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டிக்கு மாக் குழைத்தாள்.

"அப்பா, ஒரு டவுட். தமிழிலை எல்லாத்துக்கும் ஒரே 'க'தானே? இந்தக் கோல்ட் குளிர்க் கோல்டோ, தங்கக் கோல்டோ?"

"என்ன விசர்க் கேள்வி பிள்ளை? தங்கம்! உன்ர மனம் தங்கம் எண்டுதான் அந்த மனிசன் குதிரையிலை இருந்து பாடுறார். குளிரெண்டு பாடினா அந்தப் பெட்டை செருப்பால அடிக்காதே?"

குழைத்த கை நின்றது.

தங்கம்!

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தால் கண்ணீருக்கு ஒரு காரணம் சொல்லலாம். ரொட்டி மாவுக்கு யார் அழுவார்கள்? அருள்ராணி மாக்கையோடு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். முப்பது வருடம்! எத்தனை குளிர்ச் சோறு! எத்தனை குழாய்த் தண்ணீர்! அத்தனையும் ஒரு 'க'வால்!

முதலில் வந்தது சிரிப்பு. அதன் பின்னாலேயே வந்தது திகில். அவள் எழுதிய பதில்! 'அது என்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.' குலேந்திரன் அதை எப்படி வாசித்திருப்பார்? கண்ணில் ஏன் ஒற்றினார் என்று இப்போதல்லவா விளங்குகிறது! ரோசத்தில் எறிந்த கல்லை, அந்த அப்பாவி மனிதர் காதல் சத்தியமென்று இவ்வளவு காலமும் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சொன்னால், அவருடைய ஆயுளிலேயே இனிமையான வரி பறிபோய்விடும். சொல்லாவிட்டால், தான் எழுதாத காதல் கடிதத்துக்குச் சாகும்வரை மரியாதை வாங்கிக்கொண்டு இருக்கவேண்டும்.

சொல்வதா, விடுவதா? இரண்டு நாளும் அவளுக்கு இதே வேலை. சனிக்கிழமை காலையில் அவள் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது, குலேந்திரனுக்குக் கழுத்துப்பட்டி கட்டக் கை ஓடவில்லை.

"நீர் வாறீரோ?"

"கதவைப் பூட்டுங்கோ, நேரமாகுது."

நூலகத்தில் முப்பத்தைந்து பேர். பாதி வெள்ளைத்தலை நோர்வேஜியர்கள், பாதி நம்மவர்கள். முன்வரிசையில் அருள்ராணி. அவளுக்கு அடுத்த கதிரையில் மட்டக்களப்புச் சீனித்தம்பி, ஹம்மர்பெஸ்டில் குலேந்திரனோடு ஒரே வரிசையில் நின்று மீன் வெட்டியவர். மேசையருகில் மதுரா. தகப்பன் நாலு வசனம் தமிழில் சொல்ல, அவள் மொழிபெயர்த்தாள்.

முதன்முதலாக, குழாய்ச் சத்தம் இல்லாமல், அருள்ராணி கார்லனின் கதையைக் கேட்டாள். வறண்ட ஊரில் ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. மாடு மேய்க்கையில் மாட்டுக்குக் கேட்பதற்காகப் பாடத் தொடங்கியவர். வானொலியில் மாவு விளம்பரத்துக்குப் பாடி, அதைக் கேட்ட படக்காரன் ஒருவன் கூப்பிட்டு, குதிரை ஏறத் தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்று பொய் சொல்லி, முதல் நாளே விழுந்து முழங்கையை உடைத்தவர். கட்டுப்போட்ட கையைக் கித்தாரால் மறைத்துக்கொண்டு நடித்த படம் ஓடோ ஓடென்று ஓடியது. மூன்றாம் படத்தில் குதிரைக்கு வந்த கடிதங்கள் அவருக்கு வந்ததைவிட அதிகம்.

"அதுக்குப் பிறகு குதிரைக்குத் தனி வாகனம்," என்றார் குலேந்திரன். "கார்லனுக்கு வாடகைக் கார்!"

தன்னை அறியாமல் சிரித்துவிட்டதில் அருள்ராணிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பன்னிரண்டாம் படம். உச்சம். குலேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கால், அந்தப் பாட்டைப் பாடினார். பாடி முடித்துவிட்டுக் கடிதக் கதையைச் சொன்னார். கடைசியாக அவள் பதிலையும் சொன்னார்.

"'அது என்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.' ஒரு வரிதான் எழுதினவா. முப்பது வருசம், இண்டைக்கும் அப்பிடியேதான் இருக்கு."

மதுரா மொழிபெயர்த்ததும் சபை கை தட்டியது. ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினாள். சீனித்தம்பியோ பக்கம் திரும்பினார்.

"ஒண்டு கேக்கட்டா மச்சாள்? காயிதத்தைக் கண்டவுடனே உங்கட மனசில என்ன இருந்திச்சு?"

மதுரா அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தாள். முப்பத்தைந்து முகங்களும் அருள்ராணியைப் பார்த்தன. அவள் எழும்பினாள். 'சந்தோசமா இருந்தது' என்று சொல்லிவிட்டு மறுபடி கதிரையில் இருப்பதாகத்தான் எண்ணம். ஆனால் மைக்குக்குப் பின்னால் குலேந்திரன், பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையைப் போல நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அழுதனான்," என்றாள். "எனக்கு மனம் குளிரெண்டு எழுதியிருக்கிறார் எண்டு நினைச்சு அழுதனான். கோவத்திலைதான் அந்தப் பதிலை எழுதினனான். தங்கமெண்டு எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும்."

நம்மவர்கள் முதலில் சிரித்தார்கள். சீனித்தம்பி கதிரையோடு சாய்ந்தார். தமிழில் 'க' ஒன்றுதான் என்பதை மதுரா விளங்கப்படுத்தி முடித்ததும் நோர்வேஜியர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குலேந்திரன் மைக்கை மேசையில் வைத்துவிட்டு மெல்ல இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார்.

"அப்ப நீர் கோவத்தோடைதான் என்னைக் கட்டினனீர்?"

"ஓம்."

"மாட்டனெண்டு சொல்லியிருக்கலாமே. சம்மதமோ எண்டு உம்மட மாமா ரெண்டு தரம் கேட்டவர்தானே."

"கேட்டவர்." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மனம் குளிரெண்டு தெரிஞ்சும் இவளைத்தான் கட்டுவனெண்டு ஒராள் நிக்கிறார். அது என்ன மாதிரி ஆம்பிளையெண்டு பாக்க எனக்கு ஆசையாயிருந்தது."

குலேந்திரனின் உதடு துடித்தது. அழப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா என்று முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

"பாத்திட்டீரோ?" என்றார் கடைசியில்.

"இன்னும் பாத்து முடியேல்லை."

அவர் சிரித்தார். கண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒரே கைக்குட்டையில் துடைத்தார். பின்வரிசைக் கிழவி எழும்பி, இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று மதுராவிடம் கேட்டாள். மதுரா கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். அதைத் தன்னால் மொழிபெயர்க்க முடியாதாம்.

குலேந்திரன் அங்கேயே, அவளுக்கும் சீனித்தம்பிக்கும் நடுவில், இடம் இல்லாத இடத்தில் இருக்கப் பார்த்தார். அருள்ராணி அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"எழும்புங்கோ! போய் மிச்சத்தைச் சொல்லுங்கோ. அந்த மனிசன் எவ்வளவு நேரம்தான் குதிரையிலையே இருக்கிறது?"