நாலாவது மாடிக்குப் போய்ச் சேராதது

என் மாமா, அம்மாவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் ஒரு "ஆனா" போடாமல் பதில் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'ஆனா மாமா'.

"டேய் தம்பி, சாப்பாடு நல்லா இருக்கா?" என்பாள் அம்மா.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

"போதும், கையைக் கழுவு!"

எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அவர்தான் பார்க்கிறார். அந்தத் திங்கட்கிழமை காலை பார்த்துவிட்டு, கீழ்வீட்டு அத்தையிடம் சொன்னார்: "பிரேக் கட்டை தேய்ஞ்சிருக்கு. புதுசு வெள்ளிக்கிழமை வரும். அதுவரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு பேருக்கு மேல வேண்டாம். சாமான் ஏத்தவே கூடாது. மேல எல்லாருக்கும் சொல்லிடுங்க."

எங்கள் கட்டடத்தில் எந்தச் செய்தியும் படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். ஒரு மாடி அடுத்த மாடிக்குக் கத்தும்.

அத்தை கத்தினார்: "வெள்ளி வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறாராம், ரெண்டு பேர்தான் போகணுமாம்!"

முதல் மாடி வாத்தியார்: "வெள்ளி வரைக்கும் தாங்குமாம், பார்த்துப் போங்க!"

இரண்டாவது மாடி: "வெள்ளி வரைக்கும் தாங்குமாம்!"

மூன்றாவது மாடியில் நான். பள்ளிக்கூடம் லீவு, சும்மா இருந்தேன். "அக்கா, மாமா பார்த்துட்டாரு! லிஃப்ட் நல்லா இருக்கு!" என்று மேலே கத்தினேன். 'நல்லா இருக்கு' என்பது நானாகச் சேர்த்தது.

நாலாவது மாடி தையல் அக்கா அதற்காகத்தான் காத்திருந்தார். புதுக் கடைக்கு மெஷினை இறக்க வேண்டும். மெஷின், நாலு துணி மூட்டை, அக்கா, அவர் தம்பி எல்லாம் ஒரே நடையில் ஏறியாயிற்று.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காமல் சரிந்து, அடிப்பள்ளத்தில் போய் இடித்தது. கதவை நெம்பித் திறந்தபோது அக்காவின் வலது கை மெஷினுக்கு அடியில் இருந்தது. துணி வெட்டும் கை. "ஐயோ, என் விரலு!" என்றார்.

மறுநாள் மாமாவின் லிஃப்ட் கம்பெனி அதிகாரி வந்தார். "லிஃப்ட்ல போகலாம்னு யார் சொன்னது?"

"மெக்கானிக்தான்" என்றார்கள் எல்லோரும்.

மாமா வாயைத் திறந்தார். "சொன்னேன் சார், ஆனா..."

"ஆனா கீனா எல்லாம் வேண்டாம். சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

அவர் அந்த வார்த்தையோடு நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"சார், நல்லா இருக்குன்னு நாலாவது மாடிக்குக் கத்தினது நான்" என்றேன். கீழ்வீட்டு அத்தை பக்கம் திரும்பினேன். "மாமா உங்ககிட்ட முழுசா என்ன சொன்னாரு? சொல்லுங்க அத்தை."

அத்தை தரையைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அவ சின்னப் பொண்ணு சார், ஆனா..." என்று மாமா ஆரம்பித்தார்.

இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை. அவரால்தான் முடிக்க முடியவில்லை.