கீத் நைனாவைக் கரைத்த இடம்

மாசி பிறந்துவிட்டால் டில்லிபாபு தன் கைபேசியைக் கண்டு பயப்படுவான். போலீஸுக்குப் பயந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடலாம். இவன் பயந்தது ஒரு பூங்கொத்தின் படத்துக்கு. இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற ஊரில் ஒரு கல்லறை, கல்லில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயர், முன்னால் மஞ்சள் பூக்கள். ஹெலன் என்கிற வெள்ளைக்காரம்மா வருஷம் தவறாமல் அந்தப் படத்தை அனுப்பி, கீழே ஒரே வரி எழுதுவாள்: “அம்மா பக்கத்தில் அப்பா. நன்றி, பாபு.”

அந்தக் கல்லுக்குக் கீழே அவளுடைய அப்பா இல்லை. தாய்லாந்தில் ஒரு சந்தையில் கோழி சுட்ட அடுப்பின் சாம்பல்தான் இருந்தது. ஜாடியில் அள்ளிப் போட்டு, வெள்ளைத் துணி கட்டி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டியவன் டில்லிபாபு.

ஆள் கெட்டவன் இல்லை. காலடிப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அப்பா சுப்புராயன் திருவொற்றியூர்க் குப்பத்தில் கடலுக்குப் போனவர். மகனுக்குப் படகில் ஏறினால் குமட்டும், அதனால் ஐ.டி.ஐ. படித்து இரும்பின் மேல் ஏறிவிட்டான். இருபத்தொன்பது வயதில் ஒரு கம்பெனி அவனைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போனது. ஸ்ரீராச்சா என்ற கடலோர ஊரில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஏழு வருஷம் அங்கே ஓடியது.

இரண்டாம் மாடியில் இருந்தவர்தான் கீத். ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர், எழுபதை நெருங்கியவர், முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை, வெயிலில் சிவந்த வழுக்கை. மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர் என்பதால் முதல் நாளே இவனை முகர்ந்து பார்த்துவிட்டு, “உன் சட்டையில் எங்கள் ஊர் வாசனை வருகிறது” என்றார். பாபு அப்போதுதான் கருவாடு வறுத்துவிட்டு வந்திருந்தான்.

சொர்க்கத்தில் வாழ்கிறோம் என்று ஊருக்கெல்லாம் கடுதாசி போடும் வெள்ளைக்காரர்கள் அந்தத் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மதியமே ஐஸ் போட்ட பீரோடு உட்கார்ந்து, இங்கிலாந்தில் வெளிநாட்டுக்காரன் பெருத்துவிட்டான் என்று திட்டுவார்கள். தாங்களே வெளிநாட்டுக்காரர்கள் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே ஏறாது. கீத்தும் அந்தக் கூட்டம்தான். ஆனால் தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை இமிக்ரேஷன் ஆபீஸில் போய் ‘இன்னும் இந்த விலாசத்தில்தான் இருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்கும் நாளில் அவர் முகம் செத்துவிடும். பதினோரு வருஷம் இருந்தும் தாய்லாந்து பாஷையில் விலை கேட்கத் தெரியும், வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பாபுதான் கூடப் போவான். பாபுவுக்கும் தெரியாதுதான், ஆனால் கையைக் காலை ஆட்டிப் புரியவைத்துவிடுவான்.

போகப் போக பாபு அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தான். அப்பா என்று அர்த்தம் என்பதை அவர் ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றைக்குத்தான் மனைவி மார்கரெட் செத்தபோது தான் ஊருக்குப் போகாததைச் சொன்னார். “டிக்கெட் கிடைத்தது, பாபு. எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.” ஒரே மகள் ஹெலன் அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுவாள், வானிலையைப் பற்றி. ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஒரு மாசி மாதக் காலையில் குளியலறையில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. தூதரகத்துக்காரர்கள் ஹெலனைத் தேடிப் பிடித்தார்கள். உடலைப் பாபுவிடம் ஒப்படைக்கலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பிறகு பாபுவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: “அங்கேயே எரித்துவிடு. சாம்பலை மட்டும் வைத்திரு. நான் வந்து எடுத்துப்போய் அம்மா பக்கத்தில் வைப்பேன்.”

பாபுவுக்கு நன்றாகவே புரிந்தது. சரி மேடம் என்றும் சொன்னான்.

புத்த கோயிலில் எரித்து, மறுநாள் காலை எலும்பைப் பொறுக்கி ஜாடியில் போட்டுக் கொடுத்தார்கள். வைத்திருந்து யாராவது வந்தால் தருகிறோம் என்று அந்தக் கோயிலில் சொல்லவும் சொன்னார்கள். இவன்தான் கேட்கவில்லை. இவன் வளர்ந்த குப்பத்தில் சாம்பலை வைத்திருப்பது என்பதே கிடையாது. மூணாம் நாள் பால் ஊற்றி, கடலில் கரைத்து, திரும்பிப் பார்க்காமல் வந்து தலை முழுக வேண்டும். கரைக்காத ஆள் வீட்டுக்கும் இல்லாமல் காட்டுக்கும் இல்லாமல் தவிப்பான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். நைனா என்று வாயாரக் கூப்பிட்டவனுக்கு நைனாவைத் தவிக்க விட மனசு வரவில்லை.

இது பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் தன் மனைவி மோகனப்ரியாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். ஹெலன் வரமாட்டாள் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். பதினோரு வருஷம் உயிரோடு இருந்த அப்பனைப் பார்க்க வராதவள் சாம்பலுக்கா வரப்போகிறாள் என்று ஒரு இளக்காரம். நான்தான் பிள்ளை, அவள் யாரோ என்று ஒரு கர்வம்.

மூணாம் நாள் ஒரு படகைப் பேசி, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு போய்க் கரைத்தான். ஒன்பதாம் நாள் ஹெலனிடமிருந்து செய்தி: ‘பாங்காக்கில் இறங்கிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் அங்கே இருப்பேன்.’

அந்த மூன்று மணி நேரத்தில் உண்மையைச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கலாம். இவன் காலி ஜாடியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினான். மூங்கில் குச்சியில் குத்திக் கோழி சுடுகிற வண்டிக்காரி அடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். செடிக்கு என்று சொல்லி வாங்கினான். ஹெலன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றும் ஒரு எண்ணம் ஓரமாக இருந்தது. இறங்கினவள் இவனைக் கட்டிக்கொண்டு, “நான் செய்யவேண்டியதை எல்லாம் நீ செய்தாய்” என்று தேம்பித் தேம்பி அழுதாள். அதோடு வாய் அடைத்துப்போனது. அந்த வருஷமே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

ஆறு வருஷம், ஆறு படம். இந்த மாசியில் படம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு செய்தி வந்தது. தாய்லாந்து போகிறாளாம், வழியில் சென்னையில் இரண்டு நாள் தங்கி பாபுவின் குடும்பத்தைப் பார்க்க வேண்டுமாம்.

“சொல்லிட போறேன்” என்றான் பாபு, மனைவியிடம்.

மோகனப்ரியா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். “இன்னாத்த சொல்லுவ? அந்தம்மா அங்க பூ வெச்சிகினு நிம்மதியா கீது. உன் பாரத்த எறக்கி அது தலையில ஏத்தப் போறியா? சொல்லிட்டு நீ தூங்கிடுவ. அது தூங்குமா?”

“அப்போ இப்டியே சாவ சொல்றியா?”

“ஆமா, இப்டியே கெட. நீ பண்ண வேலைக்கு நீதான் கெடக்கணும், அது இன்னா பண்ணிச்சி?”

அவள் சொல்வது சரி என்றுதான் அவனுக்கும் பட்டது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஹெலனை அழைத்துவர ஆட்டோவோடு போனான்.

ஹெலனுக்கு நரை விழுந்திருந்தது. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மோகனப்ரியா வைத்த வஞ்சிரம் வறுவலை முள் பார்த்துப் பிரித்து, அழகாகச் சாப்பிட்டாள். அந்தப் பிரிக்கிற விதத்தில் கீத் உட்கார்ந்திருந்தார். பாபு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: “அம்மா அப்பா பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. போன மாதம் அதை எனக்கென்று எழுதி வாங்கிவிட்டேன். நானும் செத்த பிறகு மூன்று பேரும் ஒரே இடத்தில் இருப்போம்.”

கோழிச்சாம்பலுக்குப் பக்கத்தில் இந்தம்மா காலாகாலத்துக்கும் படுத்திருக்கப் போகிறாள். மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் பாபு வாயைத் திறந்தான்.

“மேடம், அங்கே உங்கள் அப்பா இல்லை.”

அவனுடைய ஆங்கிலம் துறைமுகத்து ஆங்கிலம், கிரேனைத் தூக்கு, இறக்கு, நிறுத்து என்பதற்குப் போதுமானது. அதை வைத்துக்கொண்டே மூணாம் நாள், பால் பாக்கெட், படகு, சந்தை, எல்லாவற்றையும் சொன்னான். வரமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்பதையும் சொன்னான்.

ஹெலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

மோகனப்ரியாவுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். அவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

“வீட்டுக்குப் போனதும் ஜாடியைத் திறந்தேன். கருகிய மூங்கில் குச்சி ஒன்று இருந்தது. என் அப்பாவுக்குள் மூங்கில் எங்கிருந்து வந்தது? மறுநாள் அடக்கம். அத்தைகள், மாமாக்கள், பாதிரியார், எல்லாரும் வந்துவிட்டார்கள். பதினோரு வருஷம் அப்பாவைப் போய்ப் பார்க்காத நான், சாம்பலையும் தொலைத்துவிட்டேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? குச்சியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதைத்தேன்.” தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். “வருஷா வருஷம் படம் அனுப்பினது எதற்கு என்று நினைத்தாய்? நீயாகச் சொல்வாய் என்றுதான். ஆறு வருஷம் நன்றி, நன்றி என்று உன்னைக் குத்தினேன். அந்த இடம் வாங்கினதும் பொய். இன்றைக்கும் நீ சொல்லாவிட்டால் அப்படியே கிளம்பியிருப்பேன்.”

பாபு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை” என்றாள். “ஒன்று மட்டும் சொல். அவரை எங்கே போட்டாய்? கடலில் என்று சொல்லாதே. கடல் பெரிது.”

பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மகளுடைய பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். ஸ்ரீராச்சா கரையை வரைந்தான். பாலம் போட்டு இணைத்த சின்னத் தீவு, அதில் ஒரு கோயில், அதற்குப் பின்னால் கரையில் உயரமான தண்ணீர்த் தொட்டி. தெற்கே துறைமுகத்தின் கடைசி கிரேன், அதற்குப் பின்னால் ஒரு குன்று. கோயில் கூரையின் நுனி தொட்டிக்கு நேராக வரவேண்டும், அதே சமயம் கிரேன் குன்றின் முனையோடு சேரவேண்டும். இரண்டும் சேர்ந்து தெரிகிற இடம் அந்தத் தண்ணீரில் ஒன்றே ஒன்றுதான்.

“ஆறு வருஷம் கழித்து எப்படி ஞாபகம்?”

“எங்கள் ஆட்கள் கடலில் வலையை விட்டால் கரையில் அடையாளம் பார்த்துக்கொள்வார்கள், மேடம். திரும்ப வந்து எடுக்கணும் இல்லையா.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவள் வரவேமாட்டாள் என்று முடிவு கட்டியவன், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தவன், எதற்காகத் திரும்பி நின்று அடையாளம் பார்த்துக்கொண்டான்? ஹெலன் அதைக் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது மோகனப்ரியாவின் கையைப் பிடித்தாள், பாபுவின் கையைப் பிடிக்கவில்லை.

அவள் போனதும் மோகனப்ரியா வாசலிலேயே நின்றாள். “அதுக்கு மொதல்லயே தெரிஞ்சிகீதுய்யா. ஆறு வருசமா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் வறுத்துகினு இருந்துகிறீங்க” என்று சொல்லிவிட்டு, எச்சில் தட்டை எடுக்கப் போனாள்.

ஐந்தாம் நாள் முற்பகலில் பாபு எண்ணூரில் கிரேன் உச்சியில் கம்பிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். கைபேசி அதிர்ந்தது. படம். எண்ணெய்க் கையைத் தொடையில் தேய்த்துவிட்டுப் பயந்துகொண்டேதான் திறந்தான். கல்லறை இல்லை, பூ இல்லை. படகின் விளிம்பும் நீலத் தண்ணீரும் தெரிந்தன. தூரத்தில் கோயில் கூரை, தொட்டிக்கு இடப்பக்கமாக விலகி நின்றது. கீழே, “இதுவா?”

‘இல்லை. இன்னும் வடக்கே’ என்று தட்டினான்.

அடுத்த படத்தில் கூரை நகர்ந்து தொட்டியை நெருங்கியிருந்தது. ‘இன்னும் கொஞ்சம்’ என்றான். கீழே சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கத்தினார். இவன் காதில் விழவில்லை. மூன்றாம் படத்தில் கூரையின் நுனி தொட்டியின் நடுவில் குத்தி நின்றது. கூடவே வந்த இன்னொரு படத்தில் கிரேனும் குன்றும் ஒட்டிக்கொண்டு நின்றன.

‘அங்கேதான்’ என்று எழுதினான். ‘படகை நிறுத்தச் சொல்லுங்கள். நைனா அங்கேதான் இருக்கிறார்.’

வெகுநேரம் கழித்து ஒரு படம் வந்தது. தண்ணீரில் சிதறி மிதக்கும் மஞ்சள் பூக்கள், அதற்கு நடுவில் வெள்ளையாகக் கலங்கிக்கொண்டிருந்த பால். அவன் சொன்ன பால் பாக்கெட்டை மறக்காமல் வாங்கிப் போயிருக்கிறாள். பாபு அந்த உயரத்தில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எதிரே கிடந்த எண்ணூர்க் கடலைப் பார்த்து ‘நைனா, உன் பொண்ணு வந்துகிறா’ என்று வாய்விட்டுச் சொன்னான். பிறகு கீழே இறங்கி, சூப்பர்வைசரிடம் வாங்கவேண்டிய திட்டை வாங்கிக்கொண்டான்.