தொட்டில் கட்டிய கொக்கி

எண்பதுகளில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒழுகிக் கிடந்தது. ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போன இடம் அது. மாதக் கடைசிக்குள் கூரையை மாற்றாவிட்டால் இடித்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதைப் பாலர் பள்ளியாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், அங்கே பிள்ளை பார்த்த ஆயா.

குட்டையான உருவம். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதன் தூங்க முடியாது. நாங்கள் வரிசையாய்க் குடியிருந்த லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார். கொட்டகைக்கு இழுத்துப்போய் உத்தரத்தைக் காட்டுவார்.

"இந்தக் கொக்கியிலதான் உனக்குத் தொட்டில் கட்டுனேன். ஏறு மேல."

எங்களை வேலை வாங்கும் மீசைக்கார மண்டோர்கூட மறுபேச்சில்லாமல் ஏறினார்.

எனக்கும் ஒரு கொக்கியைக் காட்டினார். எரிச்சல் தாங்கவில்லை. நான் கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்தவன்.

"நான் சுங்கை புரோங்ல பொறந்தவன், ஆயா," என்றேன் மெதுவாக.

"தெரியும் லா. உன் பொண்டாட்டி கொக்கி அது. அவ ஏறட்டுமா, நீ ஏறுறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏறினேன். அந்த மாதத்து ஞாயிறுகள் எல்லாம் கூரையிலேயே போயின.

எங்களை ஏற்றிவிட்ட ஆயா, பள்ளி திறந்த கையோடு மகனுடன் ராவாங்குக்குப் போய்விட்டார். பிறகு ஒருநாள், துருப்பிடித்த கொக்கிகளைக் கழற்றிவிடலாமா என்று தோட்டத்துக் கூட்டத்தில் டீச்சர் கேட்டார். கூட்டத்தில் வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன்.

"அது என் தொட்டில் கொக்கி. கை வைக்காதீங்க."

அது அவளுடையது என்று வீட்டுக்கு வந்தபின் மனைவிதான் ஞாபகப்படுத்தினாள்.