அடித்துவிட்ட பத்தி

மைக்செட்காரருக்கு மேடையேறிப் பேசத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, யார் பேச்சு எடுபடும், யாருடையது ஊத்திக்கொள்ளும் என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுவார். மைக்கைத் தட்டிப் பார்ப்பவர் தேறமாட்டார். காகிதத்தைச் சரசரவென்று புரட்டுகிறவர் பாதியில் கூட்டத்தை இழப்பார். 'சுருக்கமாகச் சொல்கிறேன்' என்பவரிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவிக்கே பேச வேண்டி வந்தது. அவள் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கூடத்தை மூடிவிட்டுத் துணிகளை வெளியூர்க் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்களாம். பதினோரு பெண்களின் வேலை போகும். நிர்வாகக் குழு முன் மூன்று நிமிஷம் பேச அனுமதி கிடைத்ததும், மற்ற பத்துப் பேரும் சேர்ந்து அவளை மாட்டிவிட்டார்கள். மைக்செட்காரர் பெண்டாட்டிக்குப் பேச வராமலா போகும்!

ஒரு வாரம் வீட்டில் ஒரே ஒத்திகை. மைக்கில் கலகலக்கும் என்று வளையலைக் கழற்றச் சொன்னார். காகிதத்தை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். நேரம் போதாது என்று கடைசிப் பத்தியை முழுக்கப் படிக்காமலேயே அடித்தும் விட்டார்.

"அது இருக்கட்டுமேங்க."

"சில்லறை விஷயம். எத்தனை துணி, எத்தனை வருஷம்னு சொல்லு. அதான் எடுபடும்."

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

கூட்டத்துக்கு மைக்செட் போட்டதும் அவர்தான். அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கணக்கெல்லாம் பிசகாமல் சொன்னாள். குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டார். தலைவியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரி வந்ததும், மைக்செட்காரரின் பழகிய கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டது. பேச்சுதான் அவருக்கு மனப்பாடமாயிற்றே.

அவளோ முடிக்கவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலையேம்மா," என்றார் தலைவியம்மா. "திரும்பச் சொல்லுங்க."

மைக்செட்காரர் பதறிப்போய்ச் சத்தத்தை ஏற்றினார்.

"போன மாசம் ஒரு பெரியவரோட சட்டைப் பையில கொண்டை ஊசி ஒண்ணு கெடந்துச்சும்மா. துருப்பிடிச்சது. குப்பையில போடப் போனேன், மனசு கேக்கல. மூணு மாடி ஏறிக் கொண்டுபோய்க் குடுத்தேன். செத்துப்போன அவர் சம்சாரத்தோடதாம். என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நாங்க ஒவ்வொரு பையிலயும் கைவிட்டுப் பாத்துட்டுத்தாம்மா துவைப்போம்."

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடத்தை மூடுவதில்லை என்று அன்று சாயங்காலமே முடிவாயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது மைக்செட்காரர் மென்று விழுங்கினார். "நான்தான் சத்தத்தக் கொறச்சேன்."

"தெரியும். வீட்டுலயும் அப்படித்தானே? நான் பேசி முடிச்சுட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிக்குவீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்றது.

"அந்தப் பெரியவர் விஷயத்த எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"அன்னைக்கே சொன்னேங்க. நீங்க ஒயர் சுத்திக்கிட்டிருந்தீங்க."

அவர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

"இப்பச் சொல்லு," என்றார். "மொதல்ல இருந்து."