கடுக்காயில் ஈரம்

யாராவது ஒரு காரணத்தைச் சட்டென்று சொல்லிவிட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில், ஒரு கடுக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று சம்பாதித்த குணம் இது.

எங்கள் ஊரில் கடுக்காயை எல்லோரும் பொறுக்குவோம், யாரும் தனியாக விற்கமாட்டோம். ஊர்ப் பொதுப்பாறையில் ஒன்றாகக் கொட்டிக் காயவைத்து, லாரி வந்ததும் மொத்தமாகப் போட்டுவிட்டுப் பங்கு பிரித்துக்கொள்வது வழக்கம். அப்பா போனபிறகு அந்தப் பாறைக்குக் காவல் என் அம்மா. காயைக் கிளறிவிடுவாள், ஆடுகளை விரட்டுவாள், பனி இறங்குமுன் குவித்து மூடுவாள். அதற்கு ஊர் அளந்த சாமையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

காயெல்லாம் கீழே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும். வாங்கிப்போக மண்டியிலிருந்து ஓர் ஆள் வருஷாவருஷம் லாரியோடு வருவார். அந்த மாசியில் வந்தவர் குவியலுக்குள் கைவிட்டு ஒரு காயை எடுத்தார், கடித்தார், துப்பினார்.

"ஈரம் கீது. வாணாம்."

லாரி காலியாகவே மலையிறங்கிப் போனது. ஊர் மொத்தமும் முதலில் பாறையைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது.

"மழையே இல்ல, ஈரம் எங்கேர்ந்து வரும்?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். பதிலையும் அவளே வைத்திருந்தாள். அம்மா காய்ந்த காயை அள்ளித் திருட்டுத்தனமாக விற்றுவிட்டு, எடை குறையாமலிருக்கத் தண்ணீர் தெளித்தாளாம்! கடித்துத் துப்பிய ஆளை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவர் பேன்ட் போட்டிருந்தார்.

அம்மா காளியம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். "கை நடுங்குச்சு, பாத்தியா?" என்றார்கள். சுட்டால் நடுங்காதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேர் வாயிலும் மண்ணைப் போட்டிருப்பேன்.

காவல் எதிர்வீட்டு அத்தைக்குப் போயிற்று. அதற்காகவே பழியைக் கிளப்பினாளோ என்று இன்றைக்கும் எனக்கொரு அரிப்பு உண்டு.

அதைவிடக் கேவலம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அம்மா ஒருநாள் கூழைக் கரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நீ எதுனா தண்ணி கிண்ணி ஊத்தினியாடி?" என்றாள். அழுகையாக வந்தது. ஏனென்றால் அதே கேள்வியை அவளிடம் கேட்கத்தான் நானும் சில நாளாக வாயெடுத்து அடக்கிக்கொண்டிருந்தேன்.

சாமை அறுப்பு வந்தது. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓர் ஆள் நடந்து வந்து, "அறுப்புக்கு ஆள் வேணுங்களா?" என்று நின்றார். முகம் வற்றியிருந்தது. அதே மண்டி ஆள்! ஊரே கூடிவிட்டது. அம்மா அரிவாளோடு முன்னால் போனாள்.

"சத்தியமா சொல்லுங்க. எங்க காய்ல ஈரம் இருந்துச்சா?"

"இல்லம்மா," என்றார் அவர். "வெளிநாட்டுக்காரன் தோல் வாங்கறத நிறுத்திட்டான். ஷாப்பெல்லாம் மூடறாங்க. சரக்கு எடுக்காம ஏதாச்சும் சாக்கு சொல்லிட்டு வான்னாங்க. ஈரம்னுட்டேன். இப்ப என்னையும் அனுப்பிட்டாங்க."

எத்தனையோ வேலைகளை விழுங்கிய வியாபார மந்தம் எங்கள் மலைக்கு ஈரம் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. அத்தை முந்தானையைச் சரிசெய்தாள். கடைசியில் ஊர்க்கவுண்டர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வர்ற தையிலேர்ந்து பாறை உன் காவல்தாம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாள்: "இதையாச்சும் நெசமா சொல்றானா அந்தாளு?"

நிஜமாகத்தான் சொல்லியிருந்தார். அடுத்த மாசியில் லாரி வரவில்லை. அதற்கடுத்த மாசியிலும் வரவில்லை. வாங்க ஆளில்லாத காயை யாரும் பொறுக்கப் போகவில்லை. ஆண்கள் செங்கம் பக்கம் கூலிக்கு இறங்கினார்கள். அம்மாவுக்குக் காவல் திரும்பக் கிடைத்தது, காக்கக் காய்தான் இல்லை.

ஆனாலும் அவள் அந்தப் பாறையை விடவில்லை. எங்கள் வீட்டுக்கென்று வைத்திருந்த கொஞ்சம் சாமையையும் வாசலில் காயப்போடாமல் அங்கேதான் கொண்டுபோய்ப் பரப்புவாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, ஆளுக்கு நாலு மணியைக் கையில் கொடுத்து, "கடிச்சிப் பாத்துட்டுப் போங்க," என்பாள்.